மாத்திரையை நிறுத்தினால் உடம்பு உதறுகிறது: இது அடிமைத்தனமா, வேறு ஏதாவதா? (பலர் பேசும் இழை; # எண்ணுக்குப் பக்கத்தில் இருப்பது எழுதுபவரின் புனைபெயர்.)

#1 கேள்விக்குறி

இரண்டு பேரைக் கற்பனை செய்துகொள்ளுங்கள்.

முதல் ஆள், முதுகெலும்பு அறுவைக்குப் பிறகு 5 மாதமாக மருத்துவர் எழுதிக்கொடுத்த அளவிலேயே ட்ரமடால் என்ற வலிமாத்திரையை எடுக்கிறார். வலி குறைந்ததும் தானாகவே நிறுத்துகிறார். மறுநாளே வியர்வை, மூக்கொழுகல், வயிற்றுப்போக்கு. ராத்திரி முழுக்கக் கால் ஓரிடத்தில் நிற்காமல் உதறுகிறது. "மாத்திரைக்கு அடிமையாகிட்டார்" என்று வீட்டில் பேச ஆரம்பிக்கிறார்கள்.

இரண்டாவது ஆள், வாரத்தில் இரண்டு நாள் மட்டும் அதே மாத்திரையை ஐந்தாறாகச் சேர்த்து விழுங்குகிறார். மற்ற நாட்களில் வியர்வையும் இல்லை, உதறலும் இல்லை. "நினைச்சா விட்டுருவேன்" என்கிறார். அவரை யாரும் அடிமை என்று சொல்வதில்லை.

யார் அடிமை? எதை வைத்துச் சொல்வது?

#2 அரையாயுள்

முதல் ஆளுக்கு இருப்பது உடல் சார்பு. கொடுத்த விவரத்தை வைத்துப் பார்த்தால் அடிமைப்பழக்கம் இல்லை. இரண்டாவது ஆளுக்கு உடல் சார்பு இல்லை. ஆனால் கவலைப்பட வேண்டியது அவரைப் பற்றித்தான்.

குழப்பத்துக்குப் பாதிக் காரணம் நம்முடைய சொல். சர்க்கரை மாத்திரை, பிரஷர் மாத்திரை, தூக்க மாத்திரை, கஞ்சா, சாராயம் எல்லாவற்றுக்கும் "அடிமை" என்ற ஒரே சொல்லைப் போட்டுவிடுகிறோம். உண்மையில் அங்கே மூன்று வெவ்வேறு விஷயங்கள் இருக்கின்றன.

தாங்குதிறன்: அதே அளவு மருந்து நாளாக நாளாகக் குறைவாக வேலை செய்வது.

உடல் சார்பு: மருந்து தொடர்ந்து உள்ளே இருப்பதற்கு ஏற்ப உடம்பு தன்னைத் திருத்தி வைத்துக்கொள்வது. மருந்தைச் சட்டென்று எடுத்துவிட்டால் அந்தத் திருத்தம் மட்டும் எதிர்ப்பாரம் இல்லாமல் நின்று ஆட்டிவைக்கும். அதுதான் விலகல் அறிகுறி, வித்ட்ராயல். ஓபியாய்டு மருந்தை (அபினைப் போல வேலை செய்யும் மார்ஃபின், ட்ரமடால், ஹெராயின் வகை) சில வாரம் தினமும் எடுத்தால் ஏறக்குறைய யாருக்கும் ஓரளவு வரும். இதில் மன உறுதிக்கோ ஒழுக்கத்துக்கோ வேலையே இல்லை.

அடிமைப்பழக்கம்: கட்டுப்பாடு போய்விடுவது. கெடுதல் நடப்பது கண்ணுக்குத் தெரிந்தும் கை நிற்காதது, மருந்து நினைப்பு மற்ற நினைப்புகளைத் தள்ளிவிட்டு உட்கார்ந்துகொள்வது.

முதல் ஆள் வலி போனதும் *தானாக* நிறுத்தினாரே, அதிலேயே பாதிப் பதில் இருக்கிறது. அவர் தப்பு செய்தது நிறுத்திய விதத்தில் மட்டும். ட்ரமடாலை ஒரே நாளில் விடக்கூடாது. அது ஓபியாய்டு மட்டுமல்ல, நரம்புகளுக்கிடையே செய்தி கடத்தும் செரட்டோனின், நார்அட்ரினலின் என்ற வேதிப்பொருட்களின் மறு உறிஞ்சலையும் தடுக்கும். ஆகவே விலகலும் இரட்டையாக வரலாம்: ஒரு பக்கம் வியர்வையும் வயிற்றுப்போக்கும், இன்னொரு பக்கம் பதற்றம், குழப்பம், தோலில் ஊசி குத்துவது போன்ற உணர்வு.

இரண்டாமவர் பற்றி அவசரமாக ஒன்று. 50 மி.கி. மாத்திரை ஆறு என்றால் ஒரே வாயில் 300 மி.கி. பெரியவர்களுக்கு ஒரு *நாள்* முழுவதற்குமான வழக்கமான உச்சவரம்பே 400. ட்ரமடால் வலிப்பை உண்டாக்கக்கூடிய மருந்து. கூடவே மனச்சோர்வு மாத்திரையும் எடுப்பவரானால் ஆபத்து இன்னும் கூடும். "உதறல் இல்லை, அதனால் பிரச்சினை இல்லை" என்பது அவருக்குப் பொருந்தாது.

#3 வெள்ளெலி

இரண்டும் வேறு என்பது வெறும் சொல் விளையாட்டு அல்ல. மூளையில் இடமே வேறு.

1984-ல் போஸார்த், வைஸ் என்ற இரு ஆய்வாளர்கள் எலிகளை வைத்துச் செய்த சோதனை இதற்கு நல்ல சாட்சி. நடுமூளையில் வென்ட்ரல் டெக்மென்டல் பகுதிக்குள் மார்ஃபின் இறங்கும்படி வைத்தபோது எலிகள் நெம்புகோலை மீண்டும் மீண்டும் அழுத்தி மருந்தைத் தாமே ஏற்றிக்கொண்டன. ஆனால் மருந்தின் வேலையை முறிக்கும் நலக்சோனைக் கொடுத்துப் பார்த்தால் விலகல் அறிகுறி வரவில்லை. அதே மார்ஃபினை மூளையின் இன்னொரு இடமான பெரிஅக்வடக்டல் சாம்பல் பகுதிக்குள் தொடர்ந்து செலுத்தியபோது விலகல் அறிகுறி வந்தது. ஆனால் அந்த இடத்துக்காக எலிகள் நெம்புகோலைத் தேடிப்போகவில்லை. ஒரே மருந்துதான், ஒரு இடத்தில் ஆசை மட்டும், மற்ற இடத்தில் சார்பு மட்டும்.

மனிதர்களிலும் ஓபியாய்டு விலகலின் பெரும் பங்கு மூளைத்தண்டில் உள்ள லோக்கஸ் செருலியஸ் என்ற சிறு நரம்பணுக் கூட்டத்திலிருந்து வருகிறது. ஓபியாய்டு அதை அமுக்கி வைக்கும். அது தன் உள்வேதியியலைக் கூட்டி ஈடுகட்டும். மருந்து போனதும் அமுக்கிய கை எடுபட்ட ஸ்ப்ரிங் மாதிரி நார்அட்ரினலின் பீறிடும்: நாடித்துடிப்பு, வியர்வை, விரிந்த கண்மணி, மயிர்க்கூச்செறிதல். குளோனிடின் மாதிரி *ரத்த அழுத்த* மருந்தை விலகலுக்குக் கொடுப்பது இதனால்தான்.

#4 கசப்புமருந்து

கண்மணி, மயிர்க்கூச்செறிதல் எல்லாம் கேட்டால் போதை விஷயம் மாதிரியே தோன்றும். அதனால் போதைக்குச் சம்பந்தமே இல்லாத பக்கத்திலிருந்து வருகிறேன்.

ரத்த அழுத்தத்துக்கும் இதயத்துக்கும் கொடுக்கும் புரோப்ரனலால், மெட்டோப்ரலால் மாதிரி பீட்டா தடுப்பிகள். மாதக்கணக்கில் எடுத்தால் இதயத்தில் பீட்டா ஏற்பிகளின் (அட்ரினலின் வந்து ஒட்டும் இடங்களின்) எண்ணிக்கை கூடிவிடும். சட்டென்று நிறுத்தினால் அட்ரினலின் அத்தனை ஏற்பியிலும் போய் உட்காரும். படபடப்பு, அழுத்த உயர்வு. இதயத் தமனி அடைப்பு உள்ளவருக்கு நெஞ்சுவலி, மாரடைப்பு வரைக்கும் போகலாம். 1 முதல் 2 வாரத்தில் படிப்படியாகக் குறைப்பது வழக்கம்.

மேலே வெள்ளெலி சொன்ன குளோனிடினே இன்னொரு உதாரணம். திடீரென்று விட்டால் ஒன்றிரண்டு நாளுக்குள் ரத்த அழுத்தம் பழைய அளவையும் தாண்டி எகிறும். விலகலுக்குக் கொடுக்கிற மருந்துக்கே விலகல் உண்டு!

பிரெட்னிசலோன் என்ற ஸ்டீராய்டு: 3, 4 வாரத்துக்கு மேல் எடுத்தால் அட்ரினல் சுரப்பி தன் வேலையைச் சுருக்கிக்கொள்ளத் தொடங்கும். உடம்பு தினமும் சுரக்கும் கார்ட்டிசாலுக்குச் சமமான அளவு சுமார் 5 மி.கி. பிரெட்னிசலோன். அதிலிருந்து கீழே இறங்கும்போதுதான் சோர்வு, குமட்டல், மூட்டுவலி, எழுந்து நின்றால் தலைசுற்றல் எல்லாம் தலைகாட்டும்.

மூக்கடைப்புச் சொட்டு மருந்து, அதாவது ஆக்ஸிமெட்டாசோலின், சைலோமெட்டாசோலின்: 3 முதல் 5 நாளைத் தாண்டினால் மருந்தின் வேகம் தணிந்ததும் மூக்கு முன்னைவிட மோசமாக அடைக்கும், திரும்பச் சொட்டு, திரும்ப அடைப்பு. அமில மாத்திரைகளிலும், அதாவது ஒமெப்ரசோல் வகையிலும், இதே கூத்து சின்ன அளவில் உண்டு. வயிற்றுக்கோளாறே இல்லாதவர்களுக்கு 8 வாரம் கொடுத்து நிறுத்தியபோது 40 சதவீதத்துக்கு மேற்பட்டவர்களுக்குப் புதிதாக நெஞ்செரிச்சலும் ஜீரணக் கோளாறும் வந்தன.

பீட்டா தடுப்பிக்காக வீட்டில் திருடியவர், பிரெட்னிசலோனுக்காக வேலையைத் தொலைத்தவர் என்று யாரையாவது கேள்விப்பட்டதுண்டா? சார்பு மட்டும் தனியாக நிற்கும் என்பதற்கு அதுவே போதும்.

தலைகீழாகவும் உண்டு. கொக்கெய்னை விட்டவருக்குச் சோர்வு, தூக்கம், பசி, மனத்தளர்ச்சி வரும். ஓபியாய்டு மாதிரி உடம்பைப் புரட்டிப்போடும் விலகல் பெரும்பாலும் கிடையாது. அடிமைப்படுத்துவதில் அது யாருக்கும் சளைத்ததில்லை.

#5 கேள்விக்குறி

இவ்வளவு தெளிவாக இருக்கிறது என்றால் மருத்துவப் புத்தகங்களே "டிபென்டன்ஸ்" என்ற சொல்லை அடிமைப்பழக்கத்துக்குப் போட்டது ஏன்? மருத்துவ அறிக்கையில் "ஓபியாய்டு டிபென்டன்ஸ்" என்று பார்த்தால் எதை எடுத்துக்கொள்வது?

#6 இரவுப்பணி

1987-ல் வந்த அமெரிக்க மனநல வகைப்பாட்டின் திருத்தப் பதிப்பில் நடந்த விபத்து அது. "அடிக்‌ஷன்" என்ற சொல் நோயாளியை இழிவுபடுத்துகிறது, "டிபென்டன்ஸ்" நாகரிகமானது என்று குழுவில் ஒரு தரப்பு. ஒரே ஒரு வாக்கு வித்தியாசத்தில் அந்தத் தரப்பு ஜெயித்தது. நல்லெண்ணம்தான், ஆனால் விளைவு கோணலாகிவிட்டது: வலிக்கு மார்ஃபின் எடுக்கும் புற்றுநோயாளிக்கு விலகல் வந்தால் அவரும் "டிபென்டென்ட்", தெருவில் ஹெராயின் தேடுபவரும் "டிபென்டென்ட்". பயந்துபோன மருத்துவர்கள் வலிமருந்தைக் குறைத்தார்கள். 2006-ல் ஓ'பிரையன், வோல்கோவ், லி என்ற ஆய்வாளர்கள் மூவரும் இதைச் சுட்டிக்காட்டித் தலையங்கம் எழுதினார்கள்.

2013-ல் வந்த ஐந்தாம் பதிப்பு அந்தச் சொல்லை விட்டுவிட்டு "பயன்பாட்டுக் கோளாறு" என்று மாற்றியது. 11 அளவுகோல்கள். 12 மாதத்துக்குள் 2 அல்லது 3 இருந்தால் லேசானது, 4 அல்லது 5 நடுத்தரம், 6 அல்லது அதற்கு மேல் கடுமையானது. இந்த இழைக்குத் தேவையான வரி ஒன்று அதில் இருக்கிறது: மருத்துவ மேற்பார்வையில் சொன்னபடி எடுப்பவருக்குத் தாங்குதிறனையும் விலகலையும் கணக்கில் சேர்க்கக்கூடாது. 11-ல் இந்த இரண்டும் போனால் மிச்சம் 9; அந்த ஒன்பதும் நடத்தை, ஏக்கம், கெடுதல் பற்றியவை.

உலக சுகாதார நிறுவனத்தின் 2022 முதல் நடைமுறையில் உள்ள பதினோராம் வகைப்பாடு இன்னமும் "டிபென்டன்ஸ்" என்றே சொல்கிறது. ஆனால் அங்கே அதன் மையம் கட்டுப்பாட்டை இழந்த உந்துதல்தான். ஆகவே அறிக்கையில் அந்தச் சொல்லைப் பார்த்தால் எந்த வகைப்பாட்டின்படி எழுதியது என்று கேட்க வேண்டும். வேறு வழியில்லை.

#7 எதிர்க்கட்சி

எல்லாம் சரி. ஆனால் இரண்டையும் பிரிக்கும் கோட்டை ரொம்ப நேராகப் போடுகிறீர்கள்.

"மருத்துவர் எழுதிக்கொடுத்தால் அடிமையாக மாட்டார்கள்" என்ற நம்பிக்கை எங்கே கொண்டுபோய் விட்டது என்று பாருங்கள். 1980-ல் ஒரு மருத்துவ இதழில் வந்த ஐந்தே வாக்கியக் கடிதம்: மருத்துவமனையில் ஓபியாய்டு பெற்ற 11,882 பேரில் 4 பேருக்குத்தான் அடிமைப்பழக்கம் என்றது. படுக்கையில் இருந்த நோயாளிகள் பற்றிய கணக்கு. வீட்டில் வருடக்கணக்கில் மாத்திரை எடுப்பவர்களைப் பற்றி அது ஒன்றுமே சொல்லவில்லை. ஆனாலும் நூற்றுக்கணக்கான கட்டுரைகள் அதைத் தூக்கிப்பிடித்தன. 1989-ல் இன்னொன்று, "போலி அடிமைத்தனம்": நோயாளி மருந்து கேட்டுக் கெஞ்சினால் அது வலிமருந்து போதவில்லை என்பதன் அறிகுறி, ஆகவே கூட்டிக்கொடு. ஒரே ஒரு நோயாளியைப் பற்றிய கட்டுரை அது.

நாள்பட்ட வலிக்கு ஓபியாய்டு எடுப்பவர்களைப் பற்றிய ஆய்வுகளைத் தொகுத்து 2015-ல் பார்த்தபோது அடிமைப்பழக்கம் 8 முதல் 12 சதவீதம். "இது வெறும் உடல் சார்புதான்" என்ற ஆறுதலில் இவர்களைத் தவறவிடாதீர்கள். தவிர, விலகலுக்குப் பயந்து மருந்து எடுப்பதே ஒரு உந்துதல். உதறலை அடக்க ஒரு மாத்திரை, அடங்கியதும் கிடைக்கும் நிம்மதி, அந்த நிம்மதியே அடுத்த மாத்திரைக்குக் கூப்பிடும். எலிக்கு இரண்டு இடம் தனித்தனி. வாயால் விழுங்குகிற மனிதனுக்கு மருந்து இரண்டு இடத்துக்கும்தான் போகிறது.

#8 அரையாயுள்

ஒத்துக்கொள்கிறேன். சார்பு இருப்பது அடிமைப்பழக்கத்தை நிரூபிக்காது, இல்லை என்றும் நிரூபிக்காது. அதனால்தான் உதறலைப் பார்க்காமல் மருந்தோடு ஆளுக்குள்ள உறவைப் பார்க்க வேண்டும் என்கிறோம்.

எதற்காக எடுக்கிறார்? வலிக்கா, அல்லது கோபம், தனிமை, தூக்கம் எல்லாவற்றுக்குமா? 30 நாள் மாத்திரை திரும்பத் திரும்ப 20 நாளில் தீர்கிறதா? ஒருவருக்குத் தெரியாமல் இன்னொரு மருத்துவரிடம் சீட்டு வாங்குகிறாரா? மருந்தை மெல்ல மெல்ல வெளிவிடும் நீண்டநேர மாத்திரையை நொறுக்குகிறாரா? "கொஞ்சம் குறைத்துப் பார்க்கலாமா" என்றால் பயப்படுகிறாரா, பொய் சொல்கிறாரா? (பயம் இயல்பு. பொய்தான் கவனிக்க வேண்டியது.) எல்லாவற்றையும்விட எனக்கு முக்கியமாகப் படுவது: மருந்து எடுக்க ஆரம்பித்த பிறகு வாழ்க்கை விரிந்ததா, சுருங்கியதா? வலிமருந்தால் ஒருவர் நடக்கிறார், வேலைக்குப் போகிறார், பிள்ளைகளோடு உட்காருகிறார் என்றால் அது மருந்து செய்ய வேண்டிய வேலை. அதே மருந்தால் இவை ஒவ்வொன்றாக உதிர்ந்தால் விஷயம் வேறு.

மாத்திரை முன்கூட்டியே தீர்வது ஒன்றை மட்டும் வைத்து முடிவெடுக்காதீர்கள். 6 மணி நேரம் வேலை செய்யும் மருந்தை 12 மணி நேரத்துக்கொரு தரம் என்று எழுதியிருந்தால், கணக்குத் தவறியது சீட்டில்.

#9 கேள்விக்குறி

முதல் ஆளிடம் திரும்புவோம். சார்பு மட்டும் உள்ளவர் மருந்தின் அளவைக் குறைத்து எப்படி இறங்க வேண்டும்?

#10 கசப்புமருந்து

மருந்தை எழுதிக்கொடுத்தவரோடு பேசித்தான் இறங்க வேண்டும். கணக்கு எப்படி வேலை செய்கிறது என்று மட்டும் சொல்கிறேன், ஏனென்றால் பெரும்பாலானோர் சறுக்குவது கணக்கில்தான்.

"10 சதவீதம் குறை" என்றால் *இப்போதைய* அளவில் 10 சதவீதம். தொடங்கிய அளவில் அல்ல. 20 மி.கி. எடுப்பவருக்கு: 18, 16.2, 14.6, 13.1... பத்துப் படி இறங்கிய பிறகும் 7 மி.கி. நிற்கும். தொடங்கிய அளவிலேயே கணக்குப் போட்டால் ஒவ்வொரு முறையும் 2 மி.கி.; பத்தாவது படியில் 2-லிருந்து பூஜ்யம். முதல் படி 10 சதவீத இறக்கம், கடைசிப் படி 100 சதவீத இறக்கம். "முக்கால்வாசி தூரம் சுகமாக வந்தேன், கடைசியில் விழுந்துவிட்டேன்" என்பவர்களுடைய மர்மம் இதுதான்.

மனச்சோர்வு மருந்துகளில் இது இன்னும் அப்பட்டம். சிட்டலோப்ரம் 20 மி.கி., செரட்டோனினை நரம்புக்குள் திரும்ப இழுக்கும் கடத்தியில் சுமார் 80 சதவீதத்தைப் பிடிக்கிறது. 9 மி.கி.க்கு இறங்கினாலும் 70. ஏறக்குறைய 3.4 மி.கி.யில் 50. 0.8 மி.கி.யிலேயே இன்னும் 20! பாதி மாத்திரை, கால் மாத்திரை, அப்புறம் நிறுத்து என்று போனால் கடைசிக் குதியில்தான் பெரும்பள்ளம். கீழ்ப்பகுதியில் திரவ வடிவம் தேவைப்படுவது இதற்காக.

ஓபியாய்டை ஒரு வருடத்துக்கு மேல் எடுத்தவருக்கு மாதத்துக்கு 10 சதவீதம் அல்லது அதைவிட மெதுவாக என்பது அமெரிக்க நோய்த்தடுப்பு மையத்தின் 2022 வழிகாட்டுதல். சில வாரம் மட்டும் எடுத்தவர் வேகமாகவே இறங்கலாம். விலகல் கடுமையானால் அந்தப் படியிலேயே நின்றுகொள்ளலாம்.

செய்யக்கூடாதவை: நீண்டநேர மாத்திரையை உடைப்பது (ஒரு நாள் மருந்து ஒரே நேரத்தில் கொட்டிவிடும்). அப்புறம் "ஒரு நாள் விட்டு ஒரு நாள்". அரையாயுள் (உடம்பில் மருந்து பாதியாகக் குறையும் நேரம்) 5 மணி நேரமுள்ள வென்லஃபாக்சின் என்ற மனச்சோர்வு மருந்தை அப்படி எடுப்பது வாரத்துக்கு மூன்று முறை விலகலை வரவழைப்பதற்குச் சமம். நார்ஃபுளுவாக்செட்டினாக மாறி உடம்பில் பல நாள் தங்கும் ஃபுளுவாக்செட்டின் என்ற மனச்சோர்வு மருந்துக்கு மட்டும் அது ஓரளவு ஒத்துவரும்.

#11 இரவுப்பணி

இதில் ஒரு எச்சரிக்கை விட்டுப்போனது. எல்லா விலகலும் ஒரே தரம் அல்ல.

ஓபியாய்டு விலகல் கொடுமையானது. குறுகிய நேர மருந்தானால் கடைசி வேளைக்குப் பிறகு 8 முதல் 24 மணியில் தொடங்கி 4 முதல் 10 நாள் நீடிக்கும். மெத்தடோன் மாதிரி நீண்டது 12 முதல் 48 மணியில் தொடங்கி 10 முதல் 20 நாள். வாந்தி, வயிற்றுப்போக்கில் நீர்ச்சத்து வற்றாமல் பார்த்துக்கொண்டால் பொதுவாக உயிருக்கு ஆபத்தில்லை. பெரிய ஆபத்து அது *முடிந்த பிறகு*. தாங்குதிறன் போயிருக்கும், பழைய அளவை ஒரே ஒரு முறை எடுத்தாலும் மூச்சு நின்றுவிடலாம். இரண்டு வாரம் அடைத்துவைத்து "சுத்தப்படுத்தி" அனுப்புவதைச் சிகிச்சை என்று நினைப்பவர்கள் இங்கேதான் தவறுகிறார்கள். அடைத்துவைத்ததால் தீர்ந்தது சார்பு. அடிமைப்பழக்கம் அப்படியே இருக்கிறது.

மதுவும், அல்ப்ரசோலம், லோரசெபம், குளோனசெபம் மாதிரி தூக்க, பதற்ற மாத்திரை வகையறாவும் வேறு ரகம். இவற்றின் விலகலே கொல்லும்: வலிப்பு, சித்தப்பிரமை, காய்ச்சல். மதுவில் அந்தப் பிரமை கடைசிக் குடிக்குப் பின் 48 முதல் 96 மணி நேரத்தில் வரும். தினமும் குடிப்பவரை அறையில் பூட்டி நிறுத்தவைப்பது சிகிச்சையே அல்ல. தூக்க மாத்திரை வகையில் தொடக்கத்தில் 2 முதல் 4 வாரத்துக்கு ஒருமுறை 5 முதல் 10 சதவீதம் குறைப்பது. எப்படியானாலும் 2 வாரத்தில் 25 சதவீதத்தைத் தாண்டக்கூடாது. அல்ப்ரசோலம் மாதிரி சீக்கிரம் வடியும் மருந்திலிருந்து இறங்க முடியாவிட்டால் டயசெபமுக்கு மாற்றி இறக்குவதும் உண்டு. 0.5 மி.கி. அல்ப்ரசோலம் சுமார் 10 மி.கி. டயசெபம் என்று ஒரு அட்டவணை சொல்லும், இன்னொன்று வேறு சொல்லும். அதனால் ஒரேயடியாக மாற்றாமல் வேளை வேளையாக மாற்றுவார்கள். வயதானவர், ஈரல் நோயாளி என்றால் டயசெபம் உடம்பில் தேங்கும், கவனம்.

தசை இறுக்கத்துக்குக் கொடுக்கும் பாக்லோஃபெனையும் இந்தப் பட்டியலில் சேருங்கள். முதுகுத்தண்டுப் பம்ப் வழியாகப் போகும் பாக்லோஃபென் நின்றால் கடும் காய்ச்சல், தசை இறுக்கம், வலிப்பு, உயிரே போகலாம். அதை எடுப்பவர் யாரும் போதைக்காக எடுப்பதில்லை.

#12 எதிர்க்கட்சி

அப்படியானால் ஹெராயின் அடிமைக்கு மெத்தடோன், பியூப்ரனார்ஃபின் என்ற வேறு ஓபியாய்டுகளைக் கொடுப்பது? ஒரு சார்பை எடுத்து இன்னொன்றை வைப்பதுதானே?

#13 வெள்ளெலி

ஆமாம், அதேதான்! சார்பு தொடர்கிறது, அடிமைப்பழக்கம் அடங்குகிறது. ஹெராயினின் ஏற்ற இறக்கம் ஒரு நாளில் பல முறை. பியூப்ரனார்ஃபின் ஏற்பியை இறுகப் பிடித்துக்கொண்டு பாதி வேலை மட்டும் செய்யும், நாள் முழுக்கச் சமமாக. ஏக்கம் தணிகிறது, மேலே வேறு ஓபியாய்டு போட்டாலும் பெரிதாக ஏறாது. அதை எடுக்கும் காலத்தில் சாவு விகிதம் குறைகிறது, நிறுத்திய முதல் சில வாரங்களில் ஏறுகிறது.

தொடங்குவதில் ஒரு பொறி உண்டு. ஹெராயின் ஏற்பியில் இருக்கும்போதே பியூப்ரனார்ஃபின் கொடுத்தால் அது முழு வேலைக்காரனைத் தள்ளிவிட்டுப் பாதி வேலைக்காரனாக உட்காரும். நிமிடங்களில் கடும் விலகல். அதனால் லேசிலிருந்து மிதமான விலகல் கண்ணுக்குத் தெரியும்வரை காத்திருப்பார்கள். மெத்தடோனிலிருந்து மாறுபவர் இன்னும் நீண்ட நேரம் காத்திருக்க வேண்டும்.

தாய் ஓபியாய்டு எடுத்ததால் விலகலோடு பிறக்கும் குழந்தையை "போதைக்கு அடிமையான குழந்தை" என்று செய்திகளில் எழுதுகிறார்கள். அந்தக் குழந்தைக்கு நடுக்கம் உண்டு, அலறல் உண்டு, பால் குடிக்க முடியாமை உண்டு. எதையும் தேடவில்லை, எதையும் மறைக்கவில்லை. சார்பு மட்டும் எப்படி இருக்கும் என்பதற்கு அதைவிடச் சுத்தமான உதாரணம் கிடையாது.

#14 கேள்விக்குறி

மனச்சோர்வு மாத்திரை பற்றி ஒன்று மட்டும். நிறுத்தியபின் அழுகை, பதற்றம் வந்தால் அது விலகலா, பழைய நோய் திரும்புகிறதா?

#15 அரையாயுள்

மூன்றைப் பாருங்கள். எப்போது: குறைத்த சில நாளுக்குள் வந்தால் விலகல் பக்கம், வாரங்கள், மாதங்கள் கழித்து மெல்ல ஏறினால் நோய் பக்கம் (ஃபுளுவாக்செட்டின் இந்தக் கணக்கைக் குழப்பும், அதன் விலகலே தாமதமாக வரும்). என்ன: தலைக்குள் மின்சாரம் சுண்டுவது போன்ற அதிர்வு, தலைசுற்றல், குமட்டல் எல்லாம் பழைய நோயில் இருந்திருக்காது. திரும்பக் கொடுத்தால்: விலகல் பெரும்பாலும் ஒன்று முதல் மூன்று நாளில் வடியும், மனச்சோர்வு அவ்வளவு சீக்கிரம் மாறாது.

#16 இரவுப்பணி

#4-ல் பிரெட்னிசலோன் பற்றிச் சொன்னதோடு ஒன்றைச் சேர்க்க வேண்டும். இறங்கும் காலத்திலும், நிறுத்திய பிறகு சில மாதங்களுக்கும், காய்ச்சலோ அறுவையோ வந்தால் அட்ரினலால் ஈடுகொடுக்க முடியாமல் போகலாம். காய்ச்சலுக்கு அளவை இரட்டிப்பது போன்ற ஏற்பாட்டை மருத்துவரிடம் முன்கூட்டியே எழுதி வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். வாந்தி எடுத்து மாத்திரை வயிற்றில் தங்கவில்லை என்றால் காத்திருக்காமல் மருத்துவமனைக்குப் போய், வாசலிலேயே "ஸ்டீராய்டு எடுத்துக்கொண்டிருந்தவர்" என்று சொல்லுங்கள். அங்கே தேவைப்படுவது ஹைட்ரோகார்ட்டிசோன் ஊசி, பெரியவர்களுக்கு 100 மி.கி.